ஒருத்தனை மட்டும் எடுத்த படம்

இப்போதெல்லாம் யாரும் கும்பிடுவதில்லை, கும்பிடுகிற மாதிரி நிற்கிறார்கள். ஜனவரி பத்தாம் தேதி கடற்கரைத் திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள், மத்தளம் அடிக்கிறவனைவிடப் படம் பிடிக்கிறவன்தான் அதிகம். சாமி வந்து ஆடுகிறவள் ஆடிக்கொண்டே ஒற்றைக் கண்ணால் கேமரா எந்தப் பக்கம் என்று தேடுகிறாள். போன வருஷம் வைக்கோல் கூண்டுக்குள்ளிருந்து சுழன்று வருகிற காவல் தெய்வம், ஒரு வெள்ளைக்காரி “இன்னொரு தடவை” என்று விரலைக் காட்டியதும் திரும்பி வந்து இன்னொரு தடவை சுழன்றுவிட்டுப் போனது. என் கண்ணால் பார்த்தேன். பக்கத்தில் நின்றவன் கை தட்டினான். அவனைத் தூக்கிக் கடலில் போட்டிருக்க வேண்டும், வயசாகிவிட்டது, விட்டுவிட்டேன்.

இந்தக் கூத்து கடற்கரையோடு நின்றிருந்தால் எனக்கென்ன வந்தது? எங்கள் ஏரிக்கரைக்கும் வந்தது. அழைத்து வந்தவன் விஞோன்.

விஞோன் இரண்டு வருஷம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன். ஏன் வெளியே அனுப்பினார்கள் என்று அவன் ஒன்று சொல்வான், ஊர் வேறொன்று சொல்லும். இப்போது சட்டைப் பையில் அட்டை வைத்திருக்கிறான். கலாசார ஒருங்கிணைப்பாளர் என்று அதில் அச்சடித்திருக்கிறதாம். அவன் வீட்டில் ஒரு தகரப் பெட்டி உண்டு. கிழிந்த துணி, சோழி மாலை, நார்ப் பாவாடை எல்லாம் அதற்குள் கிடக்கும். படம் பிடிக்க ஆள் வந்தால் பெட்டியைத் திறந்து, ஊரில் நல்ல சட்டை போட்டவனையெல்லாம் அவிழ்த்துக் கந்தல் கட்டி விடுவான். சந்தையில் முடி வெட்டுகிற கெலேயைத் தலைமைப் பூசாரி ஆக்கியதும் இவன்தான். கெலேவுக்குத் தெரிந்த ஒரே மந்திரம் “அடுத்த ஆள் வா” என்பது.

வடக்கிலிருந்து புழுதிக் காற்று அடிக்கிற மாசம். நான் வாசலில் உட்கார்ந்து வலையைச் சரி பார்த்துக்கொண்டிருந்தேன். விஞோன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தான். தலை முதல் கால் வரை கறுப்பு உடை, கழுத்தில் இரண்டு கேமரா.

“பெரியப்பா, இவர் ரொமாரிக். ப்ரஸ்ஸல்ஸ்ல இருக்காரு. ஆனா நம்ம ஆளுதான், அவங்கப்பா போர்ட்டோ நோவோக்காரர். நம்ம முன்னோர் வழிபாட்டை உலகத்துக்குக் காட்டப் போறாரு.”

“உலகம் கேட்டுச்சா?” என்றேன்.

விஞோன் சிரித்தான். அந்தக் கறுப்புச் சட்டைக்காரன் சிரிக்கவில்லை. குனிந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, வாயில் சுடு கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி எங்கள் பாஷையைப் பேசினான்.

“பெரியவரே, நான் எதையும் மாத்த மாட்டேன். உள்ளதை உள்ளபடி எடுக்கறது மட்டும்தான் என் வேலை.”

ஒரு போத்தல் சோடாபியை என் காலடியில் வைத்தான். நல்ல சரக்கு, பனங்கள்ளை இரண்டு தடவை காய்ச்சி வடித்தது. வாங்கிக்கொண்டேன். அதை மறைக்கப் போவதில்லை.

அவன் வந்தது என் மகள் செனாமியின் பிள்ளைக்காக. செனாமி என் கடைசிப் பெண். புருஷன் காபோன் நாட்டில் ஏதோ கப்பல் துறையில் வேலை பார்க்கிறான். இவள் என் வீட்டிலேயே இருந்துகொண்டு மீன் புகை போட்டு விற்கிறாள். இரட்டைப் பிள்ளை பெற்றாள். ஜின்சூ, சாக்போ. பிறந்த ஏழாவது மாசம் சாக்போ விறகு பொறுக்கப் போய்விட்டான். இரட்டையரில் ஒருவன் செத்தான் என்று எங்களில் யாரும் சொல்ல மாட்டார்கள். விறகு பொறுக்கக் காட்டுக்குப் போயிருக்கிறான், அவ்வளவுதான்.

போனவனுக்கு ஒரு சாண் உயரத்தில் மர உருவம் செதுக்கி வாங்கினோம். காலையில் ஜின்சூவைக் குளிப்பாட்டினால் அதே தண்ணீரில் சாக்போவுக்கும் குளியல். ஜின்சூவுக்கு ஒரு வாய் அகாசா கூழ் என்றால் சாக்போவின் வாயிலும் ஒரு சொட்டு. சந்தைக்குப் போகும்போது ஒருவன் முதுகில், ஒருவன் இடுப்புத் துணி மடிப்பில். இவனுக்குச் சட்டை தைத்தால் அவனுக்கும் அதே துணியில் சட்டை. ஒருத்தனுக்கு ஒன்று கூடினால், குறைந்தவன் கோபித்துக்கொண்டு மற்றவன் போன வழியே போய்விடுவான். இது எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும்.

அன்றைக்கு இரண்டு பேரும் மஞ்சள் கால்பந்துச் சட்டையில் இருந்தார்கள். ஒரு பெரிய சட்டையை வெட்டி இருவருக்கும் தைத்திருந்தாள். ரொமாரிக் மரத்துச் சாக்போவைப் பார்த்ததும் முகம் சுளித்தான். பிறகு விஞோனிடம் ஃபிரெஞ்சில் ஏதோ சொன்னான்.

“செனாமி, அந்தச் சட்டையைக் கழட்டிடலாமான்னு கேக்கறாரு” என்றான் விஞோன்.

“குளுருமே?” என்றாள் செனாமி.

“கொஞ்ச நேரம்தான்.”

சட்டை போனது. அடுத்து, “எதையும் மாத்த மாட்டேன்” என்றவன் பிளாஸ்டிக் தொட்டியை வெளியே எடுக்கச் சொன்னான். சுவரில் இருந்த நாள்காட்டி போனது. என் ரேடியோ போனது. செனாமியின் கைக்கடிகாரம் போனது. விஞோன் எங்கிருந்தோ ஓட்டை உரல் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து மூலையில் நிறுத்தினான். என் வீட்டுக்குள்ளேயே நான் விருந்தாளி மாதிரி நின்றேன்.

அப்புறமும் அவனுக்குத் திருப்தி இல்லை. சாக்போவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “மரம் ரொம்பப் புதுசா இருக்கு. வெள்ளையா இருக்கு.”

“ரெண்டு வயசுப் புள்ளை புதுசாத்தான்டா இருப்பான்” என்றேன்.

“இறந்த குழந்தைன்னா கொஞ்சம்...”

அவன் அந்த வார்த்தையைச் சொன்னதும் செனாமி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். விஞோன் கூடத் தலையைக் குனிந்துகொண்டான். ரொமாரிக் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான், தான் என்ன சொன்னோம் என்று தெரியாமல்.

“விறகு பொறுக்கப் போயிருக்கான்” என்றாள் செனாமி, மெதுவாக.

“அருமை” என்று சொல்லிவிட்டு அதை ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டான். அப்போதே அவனை விரட்டியிருக்க வேண்டும். விரட்டவில்லை. வயிற்றுக்குள் அவன் சோடாபி இருந்தது.

அடுப்புக் கரியைச் சுரண்டிப் பனை எண்ணெயில் குழைத்தார்கள். விஞோன் அதைச் சாக்போவின் மேல் தேய்த்தான். செனாமி என்னைப் பார்த்தாள். “எண்ணெய்தானே, தேச்சா தேச்சுட்டுப் போறான்” என்றேன். பத்தே நிமிஷத்தில் பிள்ளை எழுபது வயசுக் கிழவன் ஆகிவிட்டான்.

அந்த நேரம் பார்த்து ஜின்சூ அழ ஆரம்பித்தான். தம்பியைத் தூக்கிப் போய் உரல் மேல் உட்கார வைத்தால் யார்தான் அழ மாட்டார்கள்? ஓடிப் போய் மரத்தின் காலைப் பிடித்து இழுத்தான். படம் கெட்டது. ரொமாரிக் மூச்சை இழுத்து விட்டான்.

“இந்தக் குட்டிப் பையனைக் கொஞ்ச நேரம்... யாராவது...”

யாராவது என்ன யாராவது, நான்தான். ஜின்சூவைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு முற்றத்துக்குப் போனேன். ஓர் ஆரஞ்சை உரித்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் அங்கேயே வைத்துக்கொண்டேன். அங்கே என் வீட்டுக்குள் கேமரா டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. நூறு படமோ இருநூறு படமோ. எல்லாம் சாக்போ. ஒன்றில்கூட ஜின்சூ இல்லை.

அவர்கள் போன பிறகு செனாமி சாக்போவைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். கரி முழுசாகப் போகவில்லை. காது மடிப்பில், கழுத்தில் தங்கிவிட்டது. சட்டையை மாட்டினாள். பிறகு ஜின்சூவின் வாயை மோந்து பார்த்துவிட்டு, “ஆரஞ்சு குடுத்தீங்களாப்பா?” என்றாள். ஆமாம் என்றதும் இன்னொரு ஆரஞ்சை எடுத்து வந்து உரித்துச் சாக்போவின் முன்னால் வைத்தாள்.

அவ்வளவு கவனம். ஆரஞ்சைச் சமமாக்கத் தெரிந்த எங்களுக்குப் படத்தைச் சமமாக்கத் தோன்றவில்லை. அப்போது படம் எங்கே இருந்தது? அவன் டப்பாவுக்குள் இருந்தது. கண்ணுக்குத் தெரியாததை எப்படிப் பங்கு போடுவது?

மழை தொடங்குகிற சமயம் விஞோன் மறுபடி வந்தான், மாப்பிள்ளை மாதிரி இளித்துக்கொண்டு. கையில் போன்.

“செனாமி! பெரியப்பா! இங்க பாருங்க, கொட்டோனூ பட்டணத்துப் பெரிய ரோட்டுல! நம்ம சாக்போ!”

பார்த்தோம். ஒரு வெள்ளைச் சுவர். அதில் ஒரு லாரி உயரத்துக்குப் படம். சட்டை இல்லாமல், கரி பூசிக்கொண்டு, எண்ணெய் மின்ன, சாக்போ. கீழே மோட்டார் சைக்கிள்கள் எறும்பு மாதிரி போகின்றன.

“இன்னும் ரெண்டு வாரத்துல கண்காட்சி திறக்கறாங்க. தூதர் எல்லாம் வர்றாரு. நம்ம ஊர் பேர் போட்டிருக்கு!”

செனாமி போனைக் கையில் வாங்கினாள். விரலால் படத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிப் பார்த்தாள். விளிம்பு வரைக்கும் தேடினாள்.

“ஜின்சூ எங்க?” என்றாள்.

விஞோனின் இளிப்பு நின்றது.

“அது... இல்ல செனாமி, இது கலை. இதுல வந்து...”

“ஜின்சூ எங்கடா?”

அவன் போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் காலையில் ஜின்சூவுக்குக் காய்ச்சல்.

சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நர்ஸ் விரலில் குத்தி ரத்தம் பார்த்தாள். மலேரியா என்றாள், மாத்திரை கொடுத்தாள். காய்ச்சல் இறங்கியது. மறுபடி ஏறியது. மாத்திரையை மாற்றிக் கொடுத்தாள். இறங்கியது, ஏறியது. பிள்ளை சாப்பாட்டைத் தொடவில்லை. தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, தலையைத் தடவிக்கொண்டு, ஏரிப் பக்கத்துப் புதரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விலா எலும்பு எண்ணலாம் போல ஆகிவிட்டது.

இரட்டையர் கோயில் பூசாரிச்சி சந்தையில் செனாமியைப் பார்த்து நேராகவே கேட்டாளாம்: “ஒரே வயித்துல பொறந்தவங்கள்ல ஒருத்தனை ராஜாவாக்கி, இன்னொருத்தனை வாசலுக்கு வெளியே நிறுத்தினா, அவன் உங்கூட எதுக்குடி இருப்பான்? அவனும் விறகு பொறுக்கப் போவான்.”

செனாமி வீட்டுக்கு வந்து அடுப்பை அணைத்தாள். “அப்பா, கொட்டோனூ போறேன். அந்தாளு ஜின்சூவையும் படம் எடுத்து, அவன் பக்கத்துல மாட்டணும். மாட்டற வரைக்கும் அங்கிருந்து எழுந்திருக்க மாட்டேன்.”

“தனியாப் போயி என்ன பண்ணுவே? நானும் வரேன்.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் அன்றைக்கு நான் உரித்துக் கொடுத்த ஆரஞ்சு இருந்தது.

கோமேயில் பஸ் ஏறினோம். நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒரு தக்காளிக்காரி. செனாமியின் முதுகில் ஒருவன், இடுப்பில் ஒருவன், இருவருக்கும் ஒரே மஞ்சள் சட்டை என்று பார்த்ததும் அவள் கூடைக்குள் கையை விட்டு இரண்டு மாவு உருண்டை எடுத்தாள். ஒன்றை ஜின்சூ கையில் வைத்தாள், மற்றதைச் சாக்போவின் மடியில் வைத்தாள். “நல்லாருங்கடா ராசாக்களா, எங்க வீட்டுப் பக்கமும் கொஞ்சம் பாருங்க” என்று இருவரையும் கும்பிட்டாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். முன்பின் எங்களைப் பார்த்ததில்லை. அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஜின்சூ உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே வந்தான், கடிக்கவில்லை.

கண்காட்சிக் கட்டடத்துக்குள் மீன் கிடங்கு மாதிரிக் குளிர். தரை பளபளவென்று, சுவரெல்லாம் வெள்ளை. முதல் அறையில் நுழைந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெரிந்த மூஞ்சிகளாக மாட்டி வைத்திருக்கிறார்கள். முடி வெட்டுகிற கெலே கண்ணை உருட்டிக்கொண்டு ஆவியோடு பேசுகிறான். மோட்டார் சைக்கிள் வாடகைக்கு ஓட்டுகிறவன் கோழியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறான். எல்லாரும் விஞோனின் பெட்டிக் கந்தலில். ஒரே பாவாடை நாலு படத்தில் நாலு பேர் இடுப்பில் இருக்கிறது. அதை ஒருத்தனும் கண்டுபிடிக்கவில்லை.

உள் அறையில் எதிர்ச் சுவரில் சாக்போ. ரோட்டுச் சுவரில் இருந்ததைவிடச் சின்னது, ஆனாலும் ஒரு கதவு உயரம் இருக்கும். காது மடிப்புக் கரி வரைக்கும் தெரிந்தது.

ரொமாரிக் ஏணி மேல் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் இறங்கி ஓடி வந்தான்.

“பெரியவரே! நீங்க வருவீங்கன்னு நினைக்கவே இல்ல! திறப்பு விழா சாயங்காலம்தான், ஆனா பரவாயில்ல...”

“விழாவுக்கு வரல” என்றாள் செனாமி. முதுகிலிருந்து ஜின்சூவை இறக்கிப் பளபளத் தரையில் உட்கார வைத்தாள். பக்கத்தில் சாக்போவை வைத்தாள். “இவனைப் படம் எடுங்க. அங்க மாட்டுங்க, அவன் பக்கத்துல. இவன் உடம்பு சரியில்லாம இருக்கான்.”

அவனுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் முகம் வெளுத்தது. “எனக்குத் தெரியாதும்மா. நிஜமாவே தெரியாது. யாரும் சொல்லல.”

“கேட்டியா?” என்றேன். “விறகு பொறுக்கறதைக் கேட்டே, நோட்டுல எழுதினே. எழுதினதை ஒரு தடவையாவது படிச்சியா?”

வெள்ளைச் சட்டம் போட்ட கண்ணாடியோடு ஒரு பெண்பிள்ளை வந்தாள். கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவளாம், மதாம் கிளாரிஸ். இந்த ஊர்க்காரிதான். கையில் ஒரு தட்டு, அதில் சாயங்கால விருந்துக்கான பிஸ்கெட்.

“அட, குட்டிப் பையா” என்று ஒரு பிஸ்கெட்டை நீட்டினாள். ஜின்சூ கையை நீட்டவில்லை. செனாமி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

“இன்னொண்ணு” என்றேன்.

“ஓ, தாத்தாவுக்கும் வேணுமா?”

“எனக்கில்ல. அவனுக்கு.” மரத்தைக் காட்டினேன். அவள் தாய் வழிப் பாட்டன்மார் எல்லாரும் எங்கள் பாஷை பேசினவர்கள்தான், சந்தேகமே இல்லை. ஒரு பிஸ்கெட் எடுத்துச் சாக்போவின் முன்னால் வைக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கதவு உயரத்துக்குச் சுவரில் மாட்டக் கூச்சம் இல்லை. கடைசியில் இரண்டு பேர் முன்னாலும் ஒவ்வொன்று வைத்தாள்.

ரொமாரிக் கேமராவை எடுத்து வந்தான். அதைச் சொல்ல வேண்டும், உடனே எடுத்து வந்தான். ஜின்சூவுக்கு முன்னால் மண்டியிட்டான். பிறகு தயங்கினான்.

“அந்த மஞ்சள் சட்டை... கழட்டிட்டா அந்தப் படத்தோட பொருந்தும்.”

“காய்ச்சல் புள்ளையைக் குளுருல அவுக்கச் சொல்றியா?” என்று என் குரல் ஏறியது. அந்த அறையில் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

“இல்ல இல்ல. இருக்கட்டும்.”

எடுத்தான். பின்னறையில் ஒரு பெட்டி கர்ர்ரென்று சத்தம் போட்டுத் தாளைத் துப்பியது. கொண்டு வந்து காட்டினான். மெலிந்த பையன், மஞ்சள் சட்டை, கையில் நசுங்கிய மாவு உருண்டை. பழுதில்லை. அந்த அறையில் இருந்ததில் பொய் இல்லாத படம் அது ஒன்றுதான். அதை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்போவின் படத்துக்குப் பக்கத்தில் பசை வைத்து ஒட்டினான்.

நான் கிட்டப் போனேன். கை விரித்து அளந்தேன். சாக்போ பத்துச் சாண். ஜின்சூ ஒரு சாண்.

“இது சமமாடா?”

“பெரியவரே, அந்த அளவுல போடற மிஷின் இங்க இல்ல. ப்ரஸ்ஸல்ஸ்லேர்ந்துதான் வரணும். வியாழக்கிழமை வந்துடும். நான் வாக்குக் குடுக்கறேன்.”

“அப்ப அதுவரைக்கும் பெருசைக் கழட்டு. சுவத்துப் பக்கமாத் திருப்பி வை.”

மதாம் கிளாரிஸ் பதறிவிட்டாள். “ஐயா, அதுதான் நடுப் படமே! அழைப்பிதழ்ல அதுதான் இருக்கு. தூதர் அஞ்சு மணிக்கு வர்றார்!”

“தூதருக்குப் புள்ளை செத்தா நீ படம் மாட்டுவியா?” என்றேன். அந்த வார்த்தையை நானே சொல்லிவிட்டேன். செனாமி வெடுக்கென்று திரும்பினாள்.

“அப்பா. போதும்.”

ஆனால் அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. இடுப்பில் மேல் சுற்றாகக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு வந்த நீலப் பூப் போட்ட துணி. ஏணியை இழுத்துப் போட்டு ஏறினாள். சாக்போவின் படத்தின் மேல் அந்தத் துணியைப் போர்த்தி, மேல் இரண்டு மூலையையும் ஆணியில் சுற்றி முடிச்சுப் போட்டாள். வீட்டில் மத்தியானம் இரண்டு பேரையும் தூங்க வைக்கும்போது போர்த்துகிற மாதிரிதான் போர்த்தினாள். கால் வரைக்கும் இழுத்து விட்டாள். அதன் பின்னால் ஜின்சூவின் சின்னப் படமும் மறைந்துபோனது.

“ரெண்டு பேரும் தூங்கட்டும்” என்றாள். “இவன் படம் அந்த அளவுல வர்ற அன்னிக்கு எழுப்புங்க. அதுக்கு முன்னாடி துணியைத் தொடக் கூடாது.”

நான் நினைத்தேன், இப்போது அந்தம்மா போலீசைக் கூப்பிடுவாள் என்று. இல்லை. அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள். இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள். தலையைச் சாய்த்தாள்.

“ரொமாரிக்” என்றாள், “இது... இது அப்படியே இருக்கட்டுமே. படத்தைவிட இது நல்லா இருக்கு. ஒரு தாயோட துணி!”

ரொமாரிக்கின் கண் நனைந்திருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. கேமரா தானாக மேலே எழுந்தது. டிக். டிக். என் மகள் ஏணியில் இருந்து இறங்குவதை எடுத்தான். துணியை எடுத்தான். டிக்.

செருப்பால் அடித்தால் செருப்பையும் படம் பிடித்து மாட்டுவார்கள் இவர்கள். எங்கள் வழக்கப்படி மண்ணில் தண்ணீர் ஊற்றிச் சத்தியம் வாங்கலாம் என்று பார்த்தால், அந்தக் கட்டடம் முழுக்க ஒரு பிடி மண் இல்லை. எல்லாம் வழவழத் தரை. எங்கே ஊற்றுவது?

“வியாழக்கிழமை” என்றான் ரொமாரிக் செனாமியிடம். “சத்தியமா. அதுவரைக்கும் துணியை யாரும் தொட மாட்டாங்க.”

“சரி” என்றாள் செனாமி. நம்பினாள். அவள் முகம் இரண்டு வாரத்துக்கு அப்புறம் முதல் தடவையாகத் தளர்ந்திருந்தது.

தரையில் ஜின்சூ பிஸ்கெட்டின் ஓரத்தைக் கடித்திருந்தான். கொஞ்சம் நக்கினான். மீதியைத் தம்பியின் வாயில் வைத்துத் தேய்த்தான்.

“அப்பா, பாத்தீங்களா? சாப்பிடறான்! சாப்பிடறான்ப்பா!”

“ரெண்டு பல்லுத் தடம்” என்றேன். “காலையில நர்ஸ் குடுத்த மாத்திரையும் உள்ள போயிருக்கு.”

“உங்களுக்கு எதுலதான் நம்பிக்கை?”

வாசலில் மேசை போட்டுக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து அந்தம்மா அதில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். துணிக்குப் பக்கத்தில் மாட்டுவதற்குத்தான் இருக்கும். என்ன எழுதினாள் என்று கேட்கவில்லை. கேட்டால் அந்த அட்டையைக் கிழித்திருப்பேன், செனாமி அப்புறம் என்னோடு பேசியிருக்க மாட்டாள்.

சாக்போவை அவள் இடுப்பில் செருகிக்கொண்டாள். முதுகில் கட்டத் துணி இல்லாததால் ஜின்சூவை நான் தோளில் தூக்கிக்கொண்டேன். காய்ச்சல் விட்டிருக்கிறது என்று அவன் நெற்றியைத் தொட்டு அவள் சொன்னாள். என் கழுத்தில் அழுந்திய நெற்றி எனக்குச் சூடாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை என்றான். எந்த வியாழன் என்று சொல்லவில்லை. நான் பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து நடந்தேன்.